சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்தால் அந்தச் செய்தியை எப்படிப் படிப்பது?

2014 மே 7, புதன்கிழமை. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் கம்பத்தில், மீதிப் பேர் அலங்காநல்லூர்ப் பக்கம். அன்றைக்கு ஒரே நாளில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாநிலச் சட்டங்களைச் செல்லாது என்று சொன்னது. ஒன்று, முல்லைப் பெரியாறு அணையில் 136 அடிக்கு மேல் தண்ணீர் தேக்கக் கூடாது என்று கேரளம் போட்ட சட்டம். இன்னொன்று, தமிழ்நாடு 2009இல் கொண்டுவந்த ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம். கம்பத்துப் பெரியப்பா வீட்டில் லட்டு. அலங்காநல்லூர்ச் சித்தப்பா வீட்டில் சாப்பாடே இறங்கவில்லை. "ஜனங்க ஓட்டுப் போட்டு அனுப்புன சட்டசபை போட்ட சட்டத்தை ரத்து பண்ண இவங்க யாருப்பா?" என்று சித்தப்பா போனில் கேட்டார். பத்து நிமிடம் கழித்துப் பெரியப்பா: "இவங்க இஷ்டத்துக்குச் சட்டம் போட்டா ஆச்சா? தீர்ப்புன்னா தீர்ப்புதான்!"

நான் இரண்டு பேருக்கும் "ஆமாம்" என்றுதான் சொன்னேன். ரெண்டு பேருமே செய்தியின் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு பேசினார்கள், நானும் அப்படித்தான். அதற்கப்புறம் இந்த மாதிரிச் செய்தி எது வந்தாலும் படிக்க ஒரு முறை வைத்திருக்கிறேன். வக்கீல் ஆக வேண்டியதில்லை, கால் மணி நேரம் போதும்.

முதலில், எது ரத்தானது என்று பாருங்கள். இது ரொம்பச் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் பாதிச் சண்டை இங்கேதான் வீணாகிறது. அரசாணை என்பது ஒரு துறை போடுவது, சட்டமன்றத்தில் ஓட்டெடுப்பு எதுவும் நடப்பதில்லை, ஆகவே அரசாணையை நீதிமன்றம் ரத்து செய்தால் சட்டமன்றத்தின் மேல் ஒரு தூசிகூட விழவில்லை. அவசரச் சட்டம் என்றால் ஆளுநரோ குடியரசுத் தலைவரோ, அவை கூடாத நேரத்தில், அமைச்சரவை சொல்லிப் பிறப்பிப்பது. அவை நிறைவேற்றி ஒப்புதல் வாங்கி அரசிதழில் வந்ததுதான் முழுச் சட்டம். இதிலும் மொத்தச் சட்டமும் போனதா, ஒரு பிரிவு மட்டும் போனதா என்று பார்க்க வேண்டும். இடைக்காலத் தடை என்றால் இன்னும் எதுவும் போகவில்லை. வழக்கு முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரிலேயே இதற்குப் பழைய உதாரணம் உண்டு. சென்னை மாகாணத்தின் இட ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் செல்லாது என்றதே, செண்பகம் துரைராஜன் வழக்கு, அதில் அடிபட்டது சட்டம் அல்ல. வகுப்புவாரி அரசாணை. கல்லூரிச் சேர்க்கையில் சாதி பார்த்து இடம் ஒதுக்க அரசியல் சாசனத்தில் அப்போது இடமில்லை என்பதுதான் தீர்ப்பின் காரணம். நாடாளுமன்றம் என்ன செய்தது? நீதிபதிகளைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. இரண்டே மாதத்தில், அந்த ஜூனிலேயே, முதல் சாசனத் திருத்தத்தில் பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) உட்பிரிவைச் சேர்த்தது. காரணம் எதுவோ அதையே மாற்றிவிட்டார்கள். இதை மனதில் வையுங்கள், மொத்த விஷயமும் இதில்தான் நிற்கிறது.

அடுத்து, என்ன காரணத்துக்காக ரத்தானது? இதுதான் முக்கியமான வேலை. ஒரு சட்டத்தை "இது முட்டாள்தனம்", "இது தேவையில்லை" என்று சொல்லி நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது. சட்டம் நல்லதா கெட்டதா என்பது அவை உறுப்பினர்கள் பாடு, அவர்களுக்கு ஓட்டுப் போட்ட நம் பாடு. நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் காரணங்கள் பெரும்பாலும் நாலில் ஒன்றாக இருக்கும். இந்தப் பொருளில் சட்டம் போட உனக்கு அதிகாரமே இல்லை (மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல் என்று ஏழாவது அட்டவணையில் பிரித்திருப்பது இதற்குத்தான்). மத்தியும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடலாம் என்கிற பொதுப்பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே இருக்கிற மத்தியச் சட்டத்தோடு மோதுகிறது, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கவில்லை. அடிப்படை உரிமையில் கை வைக்கிறது. கடைசியாக, சாசனத் திருத்தங்களுக்கு மட்டும் வரும் கேள்வி: அடிப்படைக் கட்டமைப்பையே, அதாவது ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி மாதிரி சாசனம் நிற்கிற அஸ்திவாரத்தையே, உடைக்கிறதா?

செய்தித்தாளில் இந்தக் காரணம் எங்கே இருக்கும் தெரியுமா? ஏழாவது எட்டாவது பத்தியில், கட்சித் தலைவர்களின் கண்டனத்துக்கும் வரவேற்புக்கும் கீழே. சில சமயம் இருக்கவே இருக்காது.

ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். 2014 தீர்ப்பில் காளைகள் படும் துன்பம் பற்றி நிறையப் பக்கங்கள் உண்டு, எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் தமிழ்நாட்டுச் சட்டத்தை வீழ்த்திய காரணம் இரண்டாவது வகை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் என்ற மத்தியச் சட்டத்தோடு அது மோதியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் இல்லை. காரணம் இது என்றால் வழி எங்கே இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது, இல்லையா? 2017 ஜனவரியில் மெரினாவில் உட்கார்ந்திருந்தபோது "தீர்ப்பை மீறி நடத்துங்க" என்று கத்தியவர்கள் இருந்தார்கள். நடந்தது வேறு. அந்த மத்தியச் சட்டத்தையே, தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரித் திருத்தி, முதலில் அவசரச் சட்டம், இரண்டு நாள் கழித்து ஜனவரி 23 அன்று பேரவையில் சட்டமுன்வடிவு, அப்புறம் குடியரசுத் தலைவர் ஒப்புதல். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. முந்தைய தீர்ப்பு சுட்டிய குறை நீங்கிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. ஜல்லிக்கட்டு தமிழர் பண்பாடா இல்லையா என்ற கேள்வியை, அதைச் சட்டமன்றம் முடிவு செய்யட்டும், நாங்கள் அதில் குறுக்கிட மாட்டோம் என்று விட்டுவிட்டார்கள். 2014இல் இதே நீதிமன்றம் பண்பாட்டு வாதத்தை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இதன் ருசி தெரியும்.

சரி, இப்போது மூன்றாவது வேலை. தீர்ப்பு வந்தபின் சட்டமன்றம் பதிலுக்கு ஒரு சட்டம் போடுகிறது. அது நிற்குமா, விழுமா? இதற்கு 1969இல், குஜராத்தின் பரூச் நகராட்சி வரி வழக்கில், உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் கொடுத்தது. என் வார்த்தையில் சொன்னால்: இந்தப் புதுச் சட்டம் அன்றைக்கே இருந்திருந்தால் அந்த நீதிபதிகள் அதே தீர்ப்பைச் சொல்லியிருப்பார்களா? "சொல்லியிருக்க முடியாது" என்றால் சட்டமன்றம் தீர்ப்பின் அடித்தளத்தை மாற்றியிருக்கிறது, அது அதன் வேலை, செல்லும். "அப்போதும் அதேதான் சொல்லியிருப்பார்கள்" என்றால் அடித்தளம் அப்படியே இருக்கிறது, முடிவை மட்டும் அழித்து எழுதியிருக்கிறார்கள். சட்டமன்றம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகிவிட்டது. செல்லாது.

இந்தக் கேள்வியை முல்லைப் பெரியாற்றில் போட்டுப் பாருங்கள். 2006 பிப்ரவரி 27 அன்று, நிபுணர்கள் அறிக்கைகளைப் பார்த்து, அணை பாதுகாப்பாக இருக்கிறது, 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை, கேரளச் சட்டமன்றம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான அணைகள் என்று ஓர் அட்டவணை போட்டு, அதில் முல்லைப் பெரியாற்றைச் சேர்த்து, எதிரே 136 அடி என்று எழுதியது. இதில் எந்த அடித்தளம் மாறியது? அணை பத்திரமா இல்லையா என்பது சாட்சியம் பார்த்து முடிவு செய்த உண்மை நிலை. அதை அவையில் கை தூக்கி மாற்ற முடியாது, அதிலும் வழக்கில் ஒரு தரப்பாக நின்று தோற்றவர் மாற்ற முடியாது. ஐந்து நீதிபதிகள் 2014இல் சொன்னது இதன் சாரம்தான். கேரள மக்களின் பயம் பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை (நம் பக்கத்தில் பலர் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள், அது தப்பு). அந்தப் பயத்தைக் கொண்டுபோக வேண்டிய இடம் மறுசீராய்வு மனு, புதிய ஆய்வு, புதிய சாட்சியம்.

காவிரியிலும் இதே கதை முன்னாடியே நடந்திருக்கிறது. 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. ஒரே மாதத்தில் கர்நாடகம் அந்த உத்தரவைச் செயலிழக்கச் செய்ய அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 22 அன்று பதில் வந்தது: செல்லாது, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக ஒரு மாநிலம் உட்கார முடியாது.

நம் பக்கம் சாதகமாக இருக்கும் வழக்குகளில் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பது அழுகுணி ஆட்டம். அதனால் கசப்பான ஒன்று. 2019 ஜூலை 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டின் மூன்று நில எடுப்புச் சட்டங்கள் 2013ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டத்தோடு மோதுவதால் உயிரிழந்துவிட்டன என்றது. நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் கொடுத்தவர்கள், அதாவது பிடுங்கப்பட்டவர்கள், மூச்சு விட்டார்கள். அந்த மாதமே பேரவை ஒரு சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. செத்துப்போன அந்த மூன்று சட்டங்களுக்கும் 2013 செப்டம்பர் 26ஆம் தேதியிலிருந்தே உயிர் கொடுத்து, டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. எனக்கு அந்தச் சட்டம் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் அளவுகோலை வைத்துப் பார்த்தால் அடித்தளம் மாறியிருக்கிறது: மத்தியச் சட்டம் வந்தபின் மறுபடி நிறைவேற்றி ஒப்புதல் வாங்கவில்லை என்பது குறை, இப்போது இரண்டும் ஆகிவிட்டது. பிடிக்காததை ஓட்டுச் சாவடியில்தான் சொல்ல வேண்டும்.

அடித்தளத்தைத் தொடாமல் அடம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தீர்ப்பாயங்கள் வழக்கு நல்ல பாடம். தீர்ப்பாயம் என்பது வரி, நிர்வாகம் மாதிரி குறிப்பிட்ட வகை வழக்குகளை மட்டும் விசாரிக்கும் அமைப்பு. அதன் உறுப்பினர் பதவிக்காலம் நாலு வருடம், குறைந்த வயது 50 என்று ஒன்றிய அரசு அவசரச் சட்டத்தில் வைத்ததை உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் ரத்து செய்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதே விதிகளைச் சட்டமாக்கித் திரும்ப அனுப்பியது. 2025 நவம்பரில் அதுவும் ரத்து.

இன்னொரு வழி இருக்கிறது, சாசனத்தையே திருத்துவது, அல்லது சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் வைத்துவிடுவது. முதல் திருத்தத்திலேயே அந்த அட்டவணையையும் உண்டாக்கினார்கள். நிலச் சீர்திருத்தச் சட்டங்களை, அடிப்படை உரிமையைக் காட்டி யாரும் அசைக்காமல் இருக்கக் கட்டிய பெட்டகம். இதன் கதையில் நீலகிரிக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகளை (பரம்பரை நிலவுடைமை) ஒழித்து ரயத்துவாரியாக (நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் முறை) மாற்றும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில், காடுகளை அரசு எடுப்பது பற்றிய பகுதியை 1972இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1974இல் அந்தச் சட்டம் பெட்டகத்துக்குள் போனது. அதை எதிர்த்த வழக்கு இழுத்து இழுத்து, 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24க்குப் பின் உள்ளே போன எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம். ஏன் அந்தத் தேதி? அன்றுதான் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள், 7க்கு 6 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில், சாசனத்தைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது என்றார்கள். நம் 69 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் 76ஆவது திருத்தத்தின் மூலம் இந்தப் பெட்டகத்துக்குள் போனது. தேதியைக் கவனியுங்கள். 1973க்கு அப்புறம். "ஒன்பதாவது அட்டவணையில் இருக்கு, யாரும் தொட முடியாது" என்று மேடையில் கேட்டால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

இதுவரை நீதிமன்றம் சட்டமன்றத்தைப் பார்க்கும் பக்கம். எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேரவைக்குள் நடைமுறை சரியாக இருந்ததா என்று கேட்டு அவையின் நடவடிக்கையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது, இது சாசனத்தின் 212ஆவது பிரிவு. அதற்கு ஈடாக, நீதிபதி தன் கடமையைச் செய்த விதம் பற்றிப் பேரவையில் விவாதிக்க முடியாது, அது 211. பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், வேலிக்கு ரெண்டு பக்கமும் முள். இந்த வேலி ஒரு தடவை கிட்டத்தட்டப் பிய்ந்தே போனது. 1964இல் உத்தரப் பிரதேசப் பேரவை, கேசவ் சிங் என்பவரை உரிமை மீறலுக்காக, அதாவது அவையை அவமதித்ததாகச் சொல்லி, சிறையில் போட்டது. உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஜாமீன் கொடுத்தார்கள். அந்த நீதிபதிகளையே காவலில் பிடித்து அவைமுன் நிறுத்துங்கள் என்று பேரவை தீர்மானம் போட்டது! அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 28 நீதிபதிகளும் ஒன்றாக உட்கார்ந்து அதற்குத் தடை போட்டார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கொடுத்தது அவை அவமதிப்பு ஆகாது என்றது. இதில் வேடிக்கை, அடுத்த வருடம் கேசவ் சிங்கின் மனு உயர் நீதிமன்றத்திலேயே தள்ளுபடியானது. 1987இல் ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்குத் தமிழ்நாடு பேரவை மூன்று மாதச் சிறை கொடுத்ததும் இந்த உரிமை மீறல் அதிகாரத்தில்தான். எதிர்ப்பு கிளம்பி, சில நாளில் விடுதலை செய்தார்கள்.

நீதிமன்றம் தன் கோட்டைத் தாண்டுகிறதா என்றும் பார்க்கத்தானே வேண்டும்? அதற்கு நான் கேட்கும் கேள்வி: தீர்ப்பில் இருக்கும் விதி ஏதாவது சட்டத்தில் எழுதியிருக்கிறதா, இல்லை நீதிபதிகளே எழுதியதா? நீதிபதிகளே எழுதியது என்றால் உடனே தப்பு என்று சொல்லிவிட முடியாது. வேலையிடத்தில் பாலியல் துன்புறுத்தல் பற்றி 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. சட்டம் வரும்வரை இது இருக்கட்டும் என்று அதிலேயே சொன்னார்கள். சட்டம் வந்தது 2013இல்! பதினாறு வருடம் காலியாக விட்டது நாடாளுமன்றம், அதற்கு நீதிமன்றத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. மாறாக, தமிழ்நாட்டு ஆளுநர் வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள், கிடப்பில் போட்ட 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றார்கள், ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் விதித்தார்கள். சாசனத்தில் அந்தக் கெடு கிடையாது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்க, நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள், காலக்கெடுவோ தானாக ஒப்புதலோ நீதிமன்றம் கொடுக்க முடியாது என்றார்கள். ஆனால் காரணமே சொல்லாமல் நீண்ட காலம் இழுத்தடித்தால் நீதிமன்றம் ஓரளவுக்குத் தலையிடலாம் என்றும் சேர்த்தார்கள். முதல் தீர்ப்பு வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன். ஆனால் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டுப் பார்த்தபோது அது இடித்தது.

கடைசியாக, எங்கே படிப்பது. மசோதாவின் முடிவில் "நோக்கக் காரண விளக்கவுரை" என்று ஒரு பக்கம் இருக்கும், எந்தத் தீர்ப்புக்குப் பதிலாக இதைக் கொண்டுவருகிறோம் என்பதை அரசே அங்கே எழுதியிருக்கும். நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். தீர்ப்பு 300 பக்கம் என்றால் பயப்பட வேண்டாம், முதலில் கடைசிப் பத்துப் பக்கம். எத்தனை நீதிபதிகள் என்று எண்ணுங்கள், இரண்டு பேர் சொன்னதை ஐந்து பேர் மாற்றலாம். மாறுபட்ட தீர்ப்பு ஏதாவது இருந்தால் அதைத் தவறாமல் படியுங்கள், எதிர்வாதம் மொத்தமும் அங்கே சுத்தமாகக் கிடைக்கும். உச்ச நீதிமன்ற இணையதளத்தில் பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது, நடை கொஞ்சம் கரடுமுரடுதான்.

2023இல் ஜல்லிக்கட்டுத் தீர்ப்பு வந்த ராத்திரி பெரியப்பாவை உட்கார வைத்து இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரிடா, 142 ஆச்சு. அந்தத் தீர்ப்புலயே பலப்படுத்துனப்புறம் 152ன்னும் இருக்குல்ல, அது எப்ப?" என்றார். அதற்கு, பெரிய அணைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் துணை அணையான பேபி அணையைப் பலப்படுத்த வேண்டும், அதற்கு மரம் வெட்ட அனுமதி வேண்டும், அனுமதியைத் தர வேண்டியது சட்டமன்றமும் இல்லை நீதிமன்றமும் இல்லை என்றேன். "அப்ப ஆபீஸ்ல இருக்கா ஃபைலு?" என்று கேட்டுவிட்டுப் பெரியப்பா எழுந்து படுக்கப் போய்விட்டார்.